ஊட்டலும் ஊட்டாமையும்: இறுதி எய்தும் மகவு குறித்து ஓர் ஆராய்ச்சி

உடம்பொடு கூடி நிற்கும் உயிர்க்கு உணவு இன்றியமையாதது என்பதும், பசித்தார்க்கு அன்னம் அளித்தல் அறங்களுள் தலையாயது என்பதும் சைவ நன்மக்கள் யாவர்க்கும் உடன்பாடாம். மாகேசுர பூசை நிகழாத மடம் இல்லை. அடியாரை அமுது செய்வித்தலையே தமக்குரிய தொண்டாகக் கொண்டு பேறு பெற்ற நாயன்மார் பலர். இளையான்குடி மாறனார் மழையிரவிற் சென்று, அன்று விதைத்த முளைநெல்லை வாரிக் கொணர்ந்து விருந்தோம்பிய வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நம்மனோர்பால், 'இம்மகவிற்கு இனி உணவும் நீரும் செலுத்துதல் வேண்டா' என்று மருத்துவர் ஒருவர் கூறுவராயின், உள்ளம் நடுங்குதல் இயல்பேயாம்.

சில ஆண்டுகட்கு முன்னர் யாம் ஒரு மடத்தில் இருந்த காலை, தீராப் பிணியால் தன் நான்கு வயது மகவை இழந்த தாய் ஒருத்தி ஆண்டிருந்த பெரியவரை வணங்கி, "சாமி, என் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்த பாலை நிறுத்தச் சம்மதம் சொன்னவள் நான். பசியோடு அனுப்பிவிட்டேனா? இது பாவம் இல்லையா?" என வினவினாள். மகவின் மூக்குவழிப் பொருத்திய குழாயால் ஊட்டிவந்த பாலை மருத்துவர் சொற்படி நிறுத்தியிருந்தனர். ஐந்தாம் நாள் உயிர் பிரிந்தது. பெரியவர் நெடிது வாளா இருந்து, திருநீறு அளித்து, "எல்லாம் வினைப்பயன், தாயே" என்றார். அவள் திருநீற்றைப் பெற்றுச் சென்றாள். விடையைப் பெற்றுச் சென்றாள் என யாம் கருதவில்லை. அவ்வினாவிற்கு விடை காணுதல் சித்தாந்தம் பயின்றார்க்குக் கடனாதலின், அதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

விடயம்

சாவினை அணுகிய குழவிக்கும் சிறார்க்கும் உணவும் நீரும் எவ்வாறு அளித்தற்குரியன என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட விடயம். இதன்கண் இரு செயல்கள் ஒன்றெனவே மயங்கக் கிடக்கின்றன. தாய் தன் மகவை மடியிற் கிடத்திப் பாலாடையாலோ கையாலோ வாய்வழி ஊட்டுதல் ஒன்று. மூக்கின்வழிச் செலுத்திய குழாயாலோ, வயிற்றிற் றுளையிட்டுப் பொருத்திய குழாயாலோ உணவு செலுத்துதலும், 'குளுக்கோஸ் ஏற்றுதல்' என உலகர் வழங்குமாறு குருதி நாளத்தின்வழி நீர் ஏற்றுதலும் மற்றொன்று. முன்னையது அன்பின் செயல். பின்னையது மருத்துவன் அளந்து செய்யும் சிகிச்சை. பிற சிகிச்சைகளைப் போலவே பயனும் கேடும் உடையது. இவ்விரண்டனையும் வேறு பிரித்துக் காணாமையே மயக்கத்திற்கு வித்தாயிற்று.

பிறர் பக்கம்

ஈண்டு இருவகையார் தம்முள் மாறுகொள்வர். ஒரு சாரார், உயிர் நிற்கும் காறும் எவ்வாற்றானும் உணவும் நீரும் செலுத்துதலே அறம், நிறுத்துதல் கொலை என்பர். மற்றொரு சாரார், பிழையாது என்று தெரிந்தபின் யாதும் அளித்தல் வேண்டா, நீட்டித்தல் துன்பத்தை நீட்டித்தலே என்பர். முன்னையோர் உடம்பின் நிலையை நோக்கிலர். பின்னையோர் மகவின் வேட்கையை நோக்கிலர். இருவர் கூற்றும் ஓரோவழிப் பொருந்துமாயினும் முற்றும் பொருந்தா எனக் காட்டுதும்.

துணிபு

முதற்கண் காட்சி அளவையான் அறியக் கிடப்பனவற்றைக் கூறுவாம். சாவு அணுகுங்கால் உடம்பு தன் தொழில்களை ஒவ்வொன்றாக ஒடுக்கிக்கொள்ளும். குடலுக்குச் செல்லும் குருதி குறையும், செரிமானம் தளரும். அந்நிலையிற் செலுத்திய பால் செரியாது தேங்கி, வயிற்றுப் பொருமலும் நோவும் வாந்தியும் விளைக்கும். மேலெழுந்து மூச்சுக்குழலிற் புக்குப் புரையேறலும் கூடும். சிறுநீரகம் தளர்ந்தபின் நாளத்தின்வழி ஏற்றிய நீர் வெளிப்போதற்கு வழியின்றி, கைகால் வீங்குதற்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுதற்கும், தொண்டையிற் கபம் கறகறத்தற்கும் காரணமாம். நீர் என்று நாம் அளித்தது மகவிற்கு மூச்சுத் திணறலாகத் திரும்பும் என்க.

இனி, உணவு ஒழிந்தவழிப் பசித்தீயால் மகவு வெந்து துடிக்குமோ எனின், அற்றன்று. உண்ணாதவழி உடம்பு தன்பால் உள்ள கொழுப்பினை எரித்துக்கொள்ளும். அதனாற் பிறக்கும் கீட்டோன் என்னும் பொருள் பசியுணர்வை மழுக்கும். 1994 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தெளிந்த அறிவோடு இறுதி நாட்களைக் கழித்த 32 நோயாளர் நோக்கப்பெற்றனர். அவருள் 20 பேர் பசியே அறிந்திலர். 11 பேர் தொடக்கத்தில் மாத்திரம் பசித்தனர். நீர்வேட்கை எழுந்தார்க்கும், சில துளி நீரும் பனிக்கட்டித் துண்டும் உதட்டை நனைத்தலுமே அதனைத் தணித்தன. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த பிறிதோர் ஆராய்ச்சியில், இறுதிநிலைப் புற்றுநோயாளர் 129 பேருள் ஒரு சாரார்க்கு நாள் ஒன்றுக்கு 1000 மில்லிலிட்டர் நீரும், மற்றொரு சாரார்க்கு 100 மில்லிலிட்டரும் ஏற்றி நோக்கினர். துன்பம் தணிதலிலும் வாழ்நாள் நீளுதலிலும் இருசாரார்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பெறவில்லை. இவை முதியோரை நோக்கிச் செய்தனவாதலின் சிறார்க்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும் கருதல் அளவைக்கு ஒருவாறு துணையாம்.

இனி உரையளவையை நோக்குவாம். பசி நீர்வேட்கைகளை எழுப்புவது பிராணன் என்றும், உண்டதன் சாரத்தை உடம்பெங்கும் சமமாகப் பகிர்வது சமானன் என்றும் நூல்கள் வகுக்கும். கீழாலவத்தையில், நனவின்கண் 35 ஆக நின்ற கருவிகள் கனவில் 25 ஆகவும், உறக்கத்தில் 3 ஆகவும், பேருறக்கத்தில் 2 ஆகவும், உயிர்ப்படக்கத்தில் ஒன்றாகவும் குறைந்து ஒடுங்கும் என்பது நம் ஆசிரியர் துணிபு. உறக்கத்தின்கண்ணேயே சுவை முதலியவற்றை அறியும் பொறிகள் உயிரோடு கூடி நில்லாமையின், உண்டல் என்னும் நுகர்ச்சிக்கு ஆண்டு இடமில்லை. மருத்துவர் கூறும் ஒடுக்கமும் நூல் கூறும் ஒடுக்கமும் ஒன்றே என யாம் கூறேம். இரண்டும் வேறு அளவையான் அறியப்படுவன. ஆயினும் ஒடுங்குகின்ற கருவியின்மேல் விரிகின்ற கருவிக்குரிய வினையைச் சுமத்துதல் முறையன்று என்னும் அளவில் இரண்டும் ஒக்கும்.

இன்னும் ஒன்று கூறுதற்கு உண்டு. நம் சமயத்தில் பால் வேண்டி அழுத மகவுகள் இருவர் போற்றப்பெறுவர். உபமன்னியு அழுதான், இறைவன் அவனுக்குப் பாற்கடலை ஈந்தான். சீகாழித் திருக்குளக்கரையில் மூன்றாண்டுப் பிள்ளையார் அழுதருளினார். அம்மையார் ஞானப்பாலைப் பொற்கிண்ணத்தில் ஊட்டியருளினார். ஈரிடத்தும் அழுகை முன்னும் ஊட்டல் பின்னுமாக நிகழ்ந்தமை காண்க. மகவின் வேட்கைக்கு விடையாக எழுந்ததே அவ்வூட்டல். இதனால், ஊட்டுதற்கு அளவு மகவின் வேட்கையே என்பது பெறப்படும். வாய் திறந்து தேடும் மகவிற்கு ஊட்டாமை கொடுமை. முகந்திருப்பி வாய்மூடும் மகவின் உடம்பில் வலிந்து செலுத்துதலும் ஊட்டல் என்னும் பெயர்க்கு உரியதாகாது.

ஆகவே துணிபு இதுவாம்: மகவு விரும்பி விழுங்கவல்ல அளவிற்கு வாய்வழி உணவும் நீரும் எஞ்ஞான்றும் மறுத்தற்குரியன அல்ல. குழாய்வழியும் நாளவழியும் செலுத்துவன, மகவிற்கு நலம் செய்யும் வரை தொடர்தற்கும், நலம் ஒழிந்து நோவே எஞ்சியவழி நிறுத்துதற்கும் உரியன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் இக்கருத்தினதே. பிரித்தானியக் குழந்தை மருத்துவ அரசவைக் கல்லூரி 1997 ஆம் ஆண்டில் வகுத்து, 2004, 2015 ஆம் ஆண்டுகளிற் புதுக்கிய நெறிமுறைகளும், சிகிச்சையைத் தொடர்தற்கும் நிறுத்துதற்கும் மகவின் நலத்தையே அளவுகோலாகக் கொண்டன.

ஆசங்கையும் விடையும்

அற்றேல், உணவை நிறுத்துதலும் கழுத்தை நெரித்தலும் சாவிலேயே முடிதலின் இரண்டும் கொலையன்றோ எனின், கூறுதும். காரியம் ஒன்றாதல்பற்றிக் காரணமும் ஒன்று எனல் தருக்க நெறி அன்று. பிணியால் ஒடுங்கும் உடம்பு உணவை ஏற்கமாட்டாது நிற்கின்றது. ஆண்டு உயிர் பிரிதற்குக் காரணம் பிணி. உணவை ஏற்று வாழவல்ல உடம்பிற்கு அதனை மறுத்தவழியோ, சாவிற்குக் காரணம் மறுத்தவன் செயலே. முன்னையது கொலையன்று; பின்னையது கொலையே.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு 1982 ஆம் ஆண்டில் நிகழ்ந்தன இரண்டினைக் காட்டுதும். அமெரிக்க நாட்டு இந்தியானா மாகாணத்துப் புளூமிங்டன் நகரில், டவுன் நோய்க்கூறும் உணவுக்குழல் அடைபட்ட குறையும் உடைய குழவி ஒன்று பிறந்தது. அடைப்பு அறுவையால் நீக்கத்தக்கது. பெற்றோர் அதற்கு இசைந்திலர். நீதிமன்றமும் அவர்தம் முடிவைத் தடுத்திலது. அறுவையும் ஊட்டமும் இன்றிக் கிடந்த அக்குழவி ஆறு நாளில் இறந்தது. அது சாவை அணுகிய குழவி அன்று. வாழ்தற்கு உரியதாயிருந்து, அறிவு குன்றும் என்பதுபற்றிக் கைவிடப்பெற்ற குழவி. இதனால் எழுந்த பெருங்கிளர்ச்சியின் பயனாக 1984 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பெற்றது. அவ்வாண்டு 1982 இலேயே, இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரில் பிரான்சிசு தொமினிக்கா என்னும் கிறித்தவத் துறவிப் பெண்மணியார், தீராப் பிணிச் சிறார்க்கென 'எலன் இல்லம்' என்பதனை நிறுவினார். சிறார்க்கென்றே அமைந்த இத்தகைய இல்லங்களுள் உலகில் முதலாவது அதுவே. ஆண்டு மகவும் பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஒருங்கு தங்கி, நோவு தணிக்கப்பெற்று நாட்களைக் கழிப்பர். ஓரிடத்தில் அன்பு ஒழிந்து உணவும் ஒழிந்தது. மற்றோரிடத்தில் மருத்துவத்தின் எல்லை உணரப்பெற்ற பின்னரும் அன்பு ஒழியாது நின்றது. துறவோர் ஒருவர் இதனைச் செய்தார் என்பது மடத்தார் கருத்திற் கொள்ளத்தக்கது.

இதனால், மூளை முடக்குவாதம் முதலியவற்றான் விழுங்கமாட்டாது, குழாய்வழி உண்டு, தாயைக் கண்டு சிரித்து வாழும் மகவிற்கு ஈண்டுக் கூறியன பொருந்தா என்பது வெளிப்படை. அது இறக்கும் மகவு அன்று. குழாய் அதற்கு வாயேயாம். அதனை நிறுத்துதற்கு இக்கட்டுரையை எவரேனும் துணைக்கொள்வராயின் அவர் எம் கருத்தைத் திரித்தவர் ஆவர்.

இனி, பிராரத்தம் உள்ள துணையும் உயிர் நிற்கும், அஃது ஒழிந்தவழி நில்லாது. ஆகலின் ஊட்டினும் ஊட்டாவிடினும் ஒன்றே எனின், அதுவும் பொருந்தாது. நுகர்வினை மகவினது. ஊட்டலும் ஊட்டாமையுமாகிய செயல் நம்முடையது; அதன்வழி ஏறும் ஆகாமியமும் நமக்கே. இரக்கத்தால் நிறுத்தினமோ, செலவிற்கு அஞ்சியும் இளைப்பால் வெறுத்தும் நிறுத்தினமோ என்பதனை முதல்வன் அறிவான். வினைக்கொள்கை உயிர்களிடத்து முறை உண்டு என்பதனை நிறுவ எழுந்ததேயன்றி, நம் கடமையைக் கைவிடுதற்கு எழுந்ததன்று.

அதனினும் கொடியது, துன்புறும் மகவின் தாயை நோக்கி 'இது வினைப்பயன்' என்று மாத்திரம் கூறி அமைதல். வினைப்பயனை உயிர்கட்குக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்பது நம் சித்தாந்தம். எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பொழுது பயன்தரும் என்பதனை அறிதல் முற்றுணர்வுடைய அவனுக்கே கூடும். சிற்றறிவுடைய பசுக்களாகிய நமக்குக் கூடாது. அறியாத ஒன்றனை அறிந்தார்போல் ஆறுதலாகக் கூறுதல் தாயின் நெஞ்சிற் குற்றமாகவே சென்று தைக்கும். யாம் கண்ட தாயின்பால் நிகழ்ந்ததும் இதுவே.

வடக்கிருத்தல் போல்வதோ இது எனின், அன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது தன் அறிவோடும் துணிவோடும் மேற்கொண்ட நோன்பு. மகவிற்கு நோன்பு இல்லை, துணிவும் இல்லை. அதன்பொருட்டுப் பிறர் நோன்பு பூணுதலும் இல்லை. ஈண்டு நிகழ்வது உடம்பு ஏலாத ஒன்றனை வலிந்து செலுத்தாமை மாத்திரமே.

செய்தற்கு உரியன

முடிவு மருத்துவரும் பெற்றோரும் ஒருங்கிருந்து செய்தற்பாலது. ஐயம் உள்வழிக் குறித்த சில நாட்களுக்கு ஊட்டிப் பார்த்து, மகவு தெளிவுறுகின்றதா நோவுறுகின்றதா என நோக்கித் துணிதல் தகும். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துதல் பற்றி இந்நாட்டு உச்சநீதிமன்றம் 2018 ஆம் ஆண்டில் வகுத்து 2023 ஆம் ஆண்டில் எளிதாக்கிய நெறிமுறை உண்டு. ஆகலின் இல்லத்தார் தாமே குழாயைக் களைதலும், சுற்றத்தார் ஒருவர் தம் சொல்லால் முடிவு செய்தலும் தகா.

நிறுத்தியபின் உயிர் உடனே பிரியும் என எண்ணற்க. சில நாட்களாகவும், சிலபோது வாரங்களாகவும் நீளும். மகவின் உடம்பு மெலியும். இதனை முன்னரே பெற்றோர்க்கு உரைத்தல் வேண்டும். உரையாதவழி ஒவ்வொரு நாளும் அவர்க்குப் புதிய குற்றமாகத் தோன்றும். வாய் உலர்தலே வேட்கைபோல் வருத்துவதாகலின், மெல்லிய துணியையோ பஞ்சினையோ நீரில் நனைத்து நாவையும் ஈறையும் அடிக்கடி ஈரமாக்குக. உதடு வெடியாவாறு களிம்பு தடவுக. விழித்து விரும்பிய பொழுது, தலையை உயர்த்தி மடியிற் கிடத்தி, விரும்பியதனைச் சில துளி அளிக்க. நோவும் மூச்சுத் திணறலும் உள்வழி அவற்றைத் தணிக்கும் மருந்தினை அஞ்சாது கேட்டுப் பெறுக. ஊட்டம் நின்றபின்னும் மருந்து நிற்றல் ஆகாது.

இறப்பார் வாயிற் பால் ஊற்றுதல் நம் நாட்டு வழக்கம். நினைவு தப்பிய மகவின் வாயில் அதனை ஊற்றுதல் புரையேற்றி மூச்சினை அடைக்கும். அவ்வழக்கத்தின் உட்கருத்து அன்பே ஆதலின், ஒரு துளியை விரலால் உதட்டிற் றடவினும் அது நிறைவேறும். ஒருவர்பின் ஒருவராகச் சுற்றத்தார் ஊற்றுதலை மடத்தார் விலக்குதல் நன்று. அவர் சொல்லிற்குச் சுற்றத்தார் இணங்குவர்.

குழாய் நீங்கியபின் தாய்க்கு வேலை ஒழிந்தது என்று எவரும் கருதற்க. கருவிகள் விலகியமையால் மகவை மார்போடு அணைத்தற்கு இப்பொழுதே வழி பிறந்தது. நெற்றியில் திருநீறு இடுக. செவியில் திருவைந்தெழுத்தை மெல்ல ஓதுக. அது நாளும் கேட்டு உறங்கிய பாட்டைப் பாடுக. இவையும் ஊட்டலேயாம்.

முடிவுரை

அழித்தல் என்னும் தொழில் உயிர்களை ஒறுத்தற்கு அன்று, பிறந்து உழன்று இளைத்த உயிர்களை இளைப்பாற்றுதற்கே என்பது நம் ஆசிரியர் கண்ட பொருள். கூத்தப்பெருமான் திருவுருவில் தீ ஏந்திய கையும் அஞ்சேல் என அமைந்த கையும் ஒருவனுடையனவாகவே விளங்குதலை நாள்தோறும் வழிபடுகின்றோம். உடம்பிற்கு உணவு ஊட்டும் பொறுப்பு நம்மிடத்தே சில காலம் வைக்கப்பெற்றது. உயிர்க்கு உயிராய் நின்று ஊட்டும் பொறுப்பு என்றும் அவனுடையதே. நம் கை ஓய்ந்த இடத்தில் அவன் கையும் ஓய்ந்தது எனக் கருதுதல் சைவர்க்கு ஏலாது.

யாம் முன்னர்க் கூறிய தாய் மீண்டும் ஒரு மடத்தின் வாயிலில் வந்து நிற்பாளாயின், ஆண்டிருப்பார் அவளுக்குக் கூறத்தக்கது இது: "தாயே, நீ பசித்த பிள்ளைக்குப் பாலை மறுத்தாய் அல்லை. பாலை ஏற்கமாட்டாத உடம்பை வருத்தாது விட்டாய். உன் பிள்ளையைக் கொண்டது பிணி. ஐந்து நாளும் நீ அதன் உதட்டை நனைத்துக்கொண்டு இருந்தாய் அன்றோ? அதுவே நீ ஊட்டிய உணவு." இங்ஙனம் கூறித் திருநீறு அளிப்பாராயின் அவள் அதனைத் தெளிந்த நெஞ்சோடு பெற்றுச் செல்வாள். சித்தாந்தம் கற்றதன் பயன் இத்தகைய வாயில்களிலேயே காணப்படும் என்பது எம் கருத்து.

சிவம்